கொழு வாங்காத ஊர்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுங்களா. போர்வையை இழுத்துக் காலில் போட்டுக்கொள்ளுங்கள், இந்தக் கதையில் காற்று பலமாக அடிக்கும். கொலை இல்லை, கொள்ளை இல்லை. ஆனால் ஒரு பொய் இருக்கிறது. அதைச் சொன்னது யார் என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு பகல்தான் அவகாசம். நான் முடிப்பதற்குள் உங்களுக்குத் தெரிந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளுங்கள். என்னிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், எனக்குச் சொல்கிற சுகம் போய்விடும்.

தெற்கு டகோட்டா, பிரான்ட்லி கவுண்டி. தொண்ணூற்று ஒன்றாம் வருஷம் ஏப்ரல், ஒரு புதன்கிழமை காலை. மண்வளப் பாதுகாப்பு வட்டத்தின் அலுவலகத்தில், தலைவர் டெல்பர்ட் ராஸ்முசென் தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். அவர் தொப்பியைக் கழற்றவில்லை என்றால் விஷயம் சீக்கிரம் முடியவேண்டும் என்று அர்த்தம்.

எதிரில் ஆர்டிஸ் ட்வைட். ஷெரிஃப் அலுவலகத்தில் பதினாறு வருஷம் இருந்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். தொலைந்த மாடு, நகர்ந்த வேலி, அண்ணன் தம்பி உயில் சண்டை, இதெல்லாம் அவள் வழக்குகள். அவளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றவன் மைலோ ஷாக், உதவியாளன். ஏலம் விடக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் சேர்ந்து பாதியில் ஓடிவந்தவன். ஏலம் வரவில்லை, வாய் மட்டும் வந்துவிட்டது.

"இதான் வருஷ அறிக்கை," என்று டெல்பர்ட் ஒரு தாளைத் தள்ளினார். "வருஷ ஆரம்பத்துல திட்டம் போடுவோம். மழைக்கு மண்ணு அடிச்சுட்டுப் போகாம இருக்க இத்தனை ஏக்கர உழாம விதைக்க வைக்கணும், இத்தனை வரிசை மரம் நடணும்னு. கடைசில என்ன நடந்துச்சுன்னு அறிக்கை. ரெண்டும் எங்க ஆபீஸ் லெட்டா எழுதறதுதான். அந்த மூணாவது வரியப் பாருங்க."

மூன்றாவது வரி: உழாமல் விதைத்த நிலம், 11,200 ஏக்கர்.

"மாநில அலுவலகத்துல இருந்து ஒருத்தர் வந்தாரு. ரெண்டு நாள் ஒவ்வொரு ரோடா வண்டில போனாரு. ரெண்டு பக்கமும் உழுத மண்ணு, கறுப்பு. பதினோரு ஏக்கர் கூட அவர் கண்ணுல படல." டெல்பர்ட் தாளைத் தட்டினார். "அத்தனையும் கட்டுக்கதை. சாயங்காலம் நாலு மணிக்குக் குழு கூடுது. லெட்டாவ வேலைய விட்டு அனுப்பறதுன்னு இருக்கோம். அனுப்பறதுக்கு முன்னாடி வெளியாள் ஒருத்தர் விசாரிக்கணும்னு விதி. அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டேன்."

"விசாரிக்கறேன்," என்றாள் ஆர்டிஸ்.

"ரோட்ல மெதுவா ஒரு சுத்து போனாப் போதும். எறங்க வேண்டாம், முந்தாநேத்து ரெண்டு இஞ்ச் மழை, முழங்கால் வரைக்கும் சேறு. ரெண்டு வரி எழுதிக் குடுங்க."

"இவங்க பேசறதே ஒரு வரிதான்," என்றான் மைலோ. "இன்னொண்ணு நான் போட்டுக் குடுத்துடறேன்."

லெட்டா கிராஃப் பக்கத்து அறையில்தான் இருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக அதே மேசை. விசாரிக்க வருகிறார்கள் என்று தெரிந்தும் வீட்டிலிருந்து கூகன் என்கிற கேக் சுட்டுக் கொண்டுவந்து வைத்திருந்தாள். மேலே பாலேடு ஊற்றி, உள்ளே உலர்ந்த பிளம் வைத்தது. வந்தவர்கள் வாயில் ஒன்றும் போடாமல் போனால் அந்தப் பக்கத்துப் பெண்களுக்குத் தூக்கம் வராது.

"பதினோராயிரத்து இருநூறு, நிஜமா?"

"நிஜம்."

"யார் யார் நிலம்?"

"அது சொல்ல மாட்டேன்."

"சொன்னா வேலை போகாது, லெட்டா."

"தெரியும்." கத்தியை எடுத்தாள். "ஒவ்வொருத்தர் வீட்டுச் சமையலறை மேசைலயும் உக்காந்து வாக்குக் குடுத்திருக்கேன், ஆர்டிஸ். கூட்டுத்தொகைதான் அறிக்கைல வரும், பேரு வராதுன்னு. அந்த வாக்கு இருக்கறதாலதான் நிஜத்தச் சொல்றாங்க. இன்னிக்கு என் வேலைக்காக அத ஒடைச்சேன்னா, நாளைக்கு என் இடத்துக்கு வர்றவகிட்ட எவன் வாயத் திறப்பான்?"

"அப்ப சாயங்காலம் வீட்டுக்குப் போவீங்களா?"

"வேலை போறதுக்குப் பயப்படல. பொய்க்காரின்னு போகக் கூடாது. நான் சாகப்போறதும் இதே ஊர்லதானே."

அவள் வெட்டிய துண்டு கோணலாக வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் லெட்டா கூகனைக் கோணலாக வெட்டி யாரும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு ஆர்டிஸ் நேரத்தை வீணாக்கவில்லை. மைலோ பிக்கப் வண்டியை எடுத்தான். சரளைச் சாலை, மைலுக்கு ஒரு குறுக்குச் சாலை, இரண்டு பக்கமும் மெல்ல ஏறுகிற மேட்டு வயல்கள். எல்லாம் கறுப்பு. கோடு போட்டாற்போல நேராக உழுத கறுப்பு.

"பாருங்க, தலைல எண்ணெய் வெச்சு வகிடு எடுத்த மாதிரி," என்றான் மைலோ. "ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் மொத்த ஊரும் காரை மாடு மாதிரி நகத்திக்கிட்டு அடுத்தவன் வயல வேடிக்கை பாக்கும்ல, அதுக்குப் பண்ணின அலங்காரம். எங்க மாமா ஒரு வருஷம் உழாம விட்டாரு. அறுத்த பயிரோட கட்டை, அரிதாள், அப்படியே நிக்குதுன்னு, காலைல ஊர் கூடற காபி மேசைல அவரச் சோம்பேறின்னு பதினாலு வருஷம் சொன்னாங்க. அவர் சாவு வீட்ல கூட ஒருத்தன் சொன்னான்."

"நிறுத்து."

"நான் சொன்னது தப்பா?"

"வண்டிய நிறுத்து."

சாலைக்கு அடியில் போகிற குழாய் ஒன்றின் பக்கத்தில் இறங்கினாள். மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுற்றிவரும் மழைத்தண்ணீர் அதன் வழியாகத்தான் இறங்குகிறது. குனிந்து பார்த்தாள்.

"மைலோ, உழுத மேட்டுல ரெண்டு இஞ்ச் மழை பெஞ்சா தண்ணி எப்படி இறங்கும்?"

"நம்ம வீட்டுக் காபி மாதிரி. கெட்டியா, கறுப்பா."

"இது?"

மைலோவும் குனிந்தான். குழாயின் அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம் போல இருந்தது. "இது சர்ச் காபி," என்றான். "கோப்பையோட அடி தெரியுது."

"மேல கறுப்பு மண்ணு. கீழ தெளிஞ்ச தண்ணி. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. தண்ணிக்குப் பொய் சொல்லத் தெரியாது." ஆர்டிஸ் வேலிக் கம்பியைத் தூக்கிப் பிடித்தாள். "ஏறு."

"டெல்பர்ட் எறங்க வேண்டாம்னாரே."

"எறங்கல. ஏறறோம்."

சேறு முழங்கால் வரைக்கும் இல்லை, கணுக்கால் வரைதான். இருபது முப்பது உழவுச் சால் கடந்து மேட்டின் உச்சிக்கு வந்ததும் இருவரும் நின்றுவிட்டார்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் கறுப்பே இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை போன வருஷத்து அரிதாள், வைக்கோல் நிறத்தில், மண்ணைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. உழவுக் கோடு உச்சியில் கத்தரித்தாற்போல நின்றிருந்தது.

"முன்பக்கம் மட்டும் சவரம் பண்ணிக்கிட்டு வந்த மாதிரி இருக்கு," என்றான் மைலோ.

ஒரு வண்டி குலுங்கிக்கொண்டு மேலே வந்தது. நிலத்துக்காரர் ஆர்லன் வெய்ஸ். குழுவில் இருக்கும் ஐந்து விவசாயிகளில் ஒருவர். இறங்கியவர், வந்தது யாரென்று பார்த்ததும், திருட்டு ஜாம் தின்ற பையன் போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எத்தனை ஏக்கர், ஆர்லன்?"

"நானூத்தி அறுபது," என்றார் தரையைப் பார்த்து. "நாலு வருஷமா. மண்ணு போகவே மாட்டேங்குது, ஆர்டிஸ். கைவிட்டா மண்புழு சுத்திக்குது. ஆனா ரோட்டோரம் மட்டும் உழுதுடுவேன். மனுஷன் ஊர்ல தலை காட்டணும்ல? டெல்பர்ட்டுக்குத் தெரிஞ்சா காபி மேசைல என்னைத் தோலுரிச்சிடுவான். பேரு மட்டும் வெளிய வேண்டாம், கேட்டுக்கறேன்."

"வராது. சாயங்காலம் லெட்டாவுக்கு எதிராக் கை தூக்கப் போறீங்களா?"

ஆர்லன் நெளிந்தார். "என்னோடது நிஜம். ஆனா மிச்சம் பத்தாயிரத்துச் சொச்சம் எங்க இருந்து வந்துச்சு? ஊரே உழுதுக்கிட்டு இருக்கு. என் ஒருத்தனோடத வெச்சு அவ மிச்சத்த ஜோடிச்சுட்டா போல."

 ஆர்டிஸ் அவர் கொட்டகைக்குப் போய்க் கலப்பையைச் சுற்றி வந்தாள், மண்ணைக் கீறும் இரும்பு முனையான கொழுவை விரலால் தடவிப் பார்த்தாள், கிளம்பினாள்.

வண்டியில் மைலோ கணக்குப் போட்டான். "ஒரு ஆள் ஆச்சு. பாக்கி பத்தாயிரத்து எழுநூத்தி நாப்பது. மணி பன்னெண்டு. ஒவ்வொரு மேடா ஏறினா, அப்புறம் என் முழங்காலுக்குன்னு தனியா ஒரு வருஷ அறிக்கை எழுதணும்."

"ஏற வேண்டாம். ஆர்லனோட கொழு நாலு வருஷம் ஆகியும் தேயல. பாத்தியா?"

"ரோட்டோரம் மட்டும் உழுதா எங்க தேயும்?"

"அதான். ஊர்ல யார் கொழு தேஞ்சுது, யாருது தேயலன்னு ஒருத்தனுக்குத் தெரியும்."

"யாருக்கு?"

"கொழு விக்கறவனுக்கு."

கூட்டுறவுக் கடையில் உதிரி பாகம் விற்பவர் கோர்டி. ஆர்டிஸ் கலப்பைக் கொழு வேண்டும் என்றதும், தன்னிடம் யாரோ யானை கேட்டதுபோலப் பார்த்தார். உள்ளே போனார். ஏதோ சரிந்து விழுந்தது. ஒரு பெட்டியோடு வந்து ஊதினார், மூன்று பேரும் தும்மினார்கள். பெட்டிக்குள் கொழுவுக்கு நடுவில் ஒரு எலி குடும்பம் நடத்திவிட்டுக் காலி செய்திருந்தது.

"போன வருஷம் எத்தனை வித்துச்சு, கோர்டி?"

"நாலு. அதுல மூண ஒருத்தர் வேலிக்கதவு தானா மூடிக்கறதுக்கு எடையாத் தொங்கவிட்டாரு." கோர்டியின் குரல் கசந்தது. "முன்னெல்லாம் வருஷத்துக்கு முந்நூறு போகும். நம்ம மண்ணு உப்புத்தாள் மாதிரி, இருநூறு ஏக்கர் போனாக் கொழு மூக்கு மழுங்கிடும். இப்ப எல்லாப் பயலும் ஹார்மன் ஊர்க் கடைல வாங்கறானுங்க. அவனும் அங்கதான் வாங்கறான்னு நாலு வருஷமா நான் டெல்பர்ட்டுக்கு வணக்கம் கூடச் சொல்றதில்ல."

"அந்தக் கடைக்கு ஒரு போன் போடுங்களேன்."

கோர்டி வேண்டாவெறுப்பாகச் சுழற்றினார். கொஞ்ச நேரம் பேசினார். பிறகு பேசுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். போனை வைத்தபோது முகம் மாறியிருந்தது.

"அவன் என் மேல கோவமா இருக்கான்," என்றார். "நம்ம ஊர் ஆளுங்க மொத்தமா என்கிட்ட வாங்கறாங்கன்னு நாலு வருஷமாக் கறுவிக்கிட்டு இருந்திருக்கான். அவன் கடைலயும் பெட்டிய எலிதான் வாங்கிக்கிட்டுப் போயிருக்கு."

மைலோ அந்தப் பெட்டியை மரியாதையாக மூடினான். "அப்ப ஊரே உழுது, ஒருத்தனுக்கும் கொழு தேயல. இது அற்புதம்னு சர்ச்சுல சொல்லலாம்."

"சர்ச்சுல வேண்டாம்," என்றாள் ஆர்டிஸ். "குழுவுல சொல்லலாம். ஆனா நாம சொல்லக் கூடாது. அவங்க வாயாலயே, பேரு வெளிய வராம வரணும்."

நாலு மணி. அலுவலகத்தின் பின்னறை. டெல்பர்ட், ஆர்லன், இன்னும் மூன்று பேர், தினமும் காலையில் ஒரே காபி மேசையில் உட்காருகிற அதே ஐந்து பேர். ஓரத்தில் லெட்டா, கூட்டக் குறிப்பு எழுதும் நோட்டோடு. தன்னை வேலையை விட்டு அனுப்பும் தீர்மானத்தையும் அவள்தான் எழுதவேண்டும், அதற்கு வேறு ஆள் இல்லை.

"சுத்திப் பாத்தாச்சா?" என்றார் டெல்பர்ட்.

"பாத்தேன். ஓட்டெடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை." ஆர்டிஸ் லெட்டா பக்கம் திரும்பினாள். "லெட்டா, பேர் வேண்டாம். இந்த அஞ்சு பேரும் சேர்ந்து எத்தனை ஏக்கர் உழாம விட்டிருக்காங்கன்னு உங்க கணக்கு சொல்லுது? கூட்டுத்தொகை மட்டும் எழுதி மடிச்சு, அந்தக் காபிக் கெட்டிலுக்கு அடியில வைங்க."

லெட்டா ஒரு நிமிஷம் யோசித்தாள். கூட்டுத்தொகை. அதைத்தானே அவள் எப்போதும் வெளியில் சொல்வது. எழுதினாள், மடித்தாள், வைத்தாள்.

"இப்ப நீங்க. ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. நீங்க உழாத ஏக்கர் எத்தனையோ அந்த எண்ண மட்டும் எழுதுங்க. ஒண்ணும் இல்லன்னா சைபர். பேர் வேண்டாம். கூட்டினா லெட்டா எழுதினதோட ஒத்துப் போகணும். போகலன்னா, நாளைக்கு நான் அஞ்சு மேட்டுக்கும் நடந்து போய்ப் பாக்க வேண்டியிருக்கும்."

மேடு என்ற சொல்லுக்கு ஐந்து நாற்காலியும் லேசாகக் கிறீச்சிட்டன.

"ஏன் இந்த விளையாட்டெல்லாம்," என்றார் டெல்பர்ட். ஆனாலும் பென்சிலை எடுத்தார். ஒவ்வொருவரும் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள், பரீட்சையில் மாதிரி. மைலோ தன் தொப்பியை நீட்டிக்கொண்டே சுற்றி வந்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள் கண்ணுங்களா. ஒவ்வொருவர் மனதிலும் ஒரே எண்ணம்தான்: என் சீட்டு ஒன்றுதான் எண், மற்ற நாலும் சைபர், யாருடையது என்று ஒருவனுக்கும் தெரியப்போவதில்லை.

மைலோ முதல் சீட்டைப் பிரித்தான். ஏலப் பள்ளியில் வராத குரல் அன்றைக்கு வந்துவிட்டது.

"ஐநூத்திப் பத்து ஒரு தரம்."

டெல்பர்ட் தொடையில் தட்டிச் சிரித்தார். "யாருப்பா அந்தச் சோம்பேறி?" ஜன்னலோரம் இருந்தவருக்குக் காது சிவந்தது.

"இருநூத்தித் தொண்ணூறு ரெண்டு தரம்."

இன்னொரு ஜோடிக் காது. டெல்பர்ட்டின் சிரிப்பு பாதியில் நின்றது.

"நானூத்தி அறுபது." ஆர்லன் கூரையைப் பார்த்தார். "அறுநூறு." கதவோரம் இருந்தவர் குனிந்து, அவிழாத ஷூ லேஸைக் கட்டினார்.

தொப்பியில் ஒரு சீட்டு பாக்கி. நாலு பேரும் மெதுவாகத் திரும்பித் தலைவரைப் பார்த்தார்கள். டெல்பர்ட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"முந்நூத்தி எண்பது," என்றான் மைலோ மிருதுவாக. "மூணு தரம்."

 ஆர்டிஸ் கூட்டிச் சொன்னாள்: "ரெண்டாயிரத்து இருநூத்தி நாப்பது." கெட்டிலைத் தூக்கி, மடித்த தாளை எடுத்து மேசையில் விரித்தாள். லெட்டாவின் குண்டுக் கையெழுத்தில் அதே எண்.

"டேய், நீயுமா?" என்றார் ஆர்லன் தலைவரைப் பார்த்து.

"நீ என்னைச் சோம்பேறின்னு சொல்லுவேன்னுதான்டா."

"நீ சொல்லுவேன்னு நான் பயந்துக்கிட்டு இருந்தேன். போன ஞாயித்துக்கிழமை என் வயல் முன்னாடி ஹாரன் அடிச்சு, கோடுன்னா இது கோடுன்னியே?"

"நேராத்தானே இருந்துச்சு."

"எனக்கும் அடிச்சான்," என்றார் ஜன்னலோரம் இருந்தவர். "நான் திரும்பிப் போய் அவனுக்கு அடிச்சேன்."

ஆர்டிஸ் தன் அறிக்கையைப் படித்தாள், ரெண்டே வரி. "ரெண்டு ஊர்க் கடைலயும் கொழு விக்கவே இல்ல, அதனால பதினோராயிரத்து இருநூறு நிஜம்னு நம்பக் காரணம் இருக்கு. மாநில ஆளை மறுபடி கூப்பிட்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் நடக்க வைங்க, தலைவர் வயல்ல இருந்து ஆரம்பிச்சு." பிறகு பையை எடுத்துக்கொண்டே சேர்த்தாள்: "எனக்கு உங்க மேல காலையிலயே சந்தேகம், டெல்பர்ட். சேறு முழங்கால் வரைன்னீங்க. உழுத நிலம் எவ்ளோ சேறாகும்னு உங்களுக்கே மறந்துபோச்சு."

ஓட்டெடுத்தார்கள். லெட்டாவின் அறிக்கையை ஏற்றுக்கொள்வதாக ஐந்துக்கு ஐந்து. ஆனால் லெட்டா பேனாவைத் தொடவில்லை. நோட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"மூணு வாரமா என்னைப் பொய்க்காரின்னீங்க. உங்க அஞ்சு பேருக்கும் அதுல ஒரு பங்கு நிஜம்னு தெரியும். 'என்னோடது நிஜம்'னு ஒருத்தர், ஒரே ஒருத்தர், சொல்லியிருக்கலாம்."

ஆர்லன் தன் முன்னால் கிடந்த சீட்டை நாலாக, எட்டாக மடித்தார். 

"இப்ப அடுத்த வருஷத் திட்டம்," என்று லெட்டா பேனாவை எடுத்தாள். "முதல் வரி: ரோட்டோரம் உழறத நிறுத்தறது. யார் முதல்ல?"

"ஆர்லன் நிறுத்தட்டும், அவன் வயல் ஓரமா இருக்கு."

"தலைவர் இருக்கறப்ப நான் எப்படி?"

"வயசுல பெரியவர் யாரு?"

"அறுவடை முடிஞ்சதும் அஞ்சு பேரும் ஒண்ணா," என்றாள் லெட்டா. "அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு ஊர் வேடிக்கை பாக்க வர்றப்ப, அஞ்சு வயல்லயும் அரிதாள் நிக்கணும். பேரோட எழுதறேன். இந்தத் தடவை பேரோட." ஐந்து தலையும் ஆடின.

கூட்டம் முடிந்தது. முடிந்ததும் கோப்பைகளைச் சேர்த்து எடுத்துப்போய்க் கழுவுவது இருபத்திரண்டு வருஷமாக லெட்டாவின் வேலை. எழுந்தாள். அதற்குள் டெல்பர்ட் எழுந்துவிட்டார். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அந்தப் பக்கத்து ஆண்களுக்குக் கிடையாது, அதற்கான வார்த்தை அவர்கள் வாயில் வளரவே இல்லை. அவர் கோப்பைகளை ஒவ்வொன்றாக விரலில் கோத்து எடுத்தார். லெட்டாவின் கோப்பையையும் எடுத்தார். குழாயடியில் நின்று, சோப்பு எது பாத்திரத்துக்கு, எது கைக்கு என்று தெரியாமல், கைச்சோப்பைப் போட்டே தேய்க்க ஆரம்பித்தார்.

லெட்டா போய்ச் சரிசெய்யவில்லை. மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டி, கடைசிக் கோப்பை வரைக்கும் அவர் கழுவுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவ்வளவுதான் கண்ணுங்களா, போய்ப் படுங்கள். உங்கள் வீட்டிலும் வெளியில் காட்டிக்கொள்ளாமல் நல்லது செய்கிறவர் ஒருவர் இருப்பார். அவர் தட்டில் இன்றைக்கு ஒரு கரண்டி கூடவே விழட்டும். உங்கள் வீட்டில் சொன்ன சொல் காப்பாற்றுகிறவர்களுக்கு உடம்பும் மனசும் சுகமாக இருக்கட்டும். பிள்ளைகள் நெடுநெடுவென்று வளரட்டும், பெரியவர்கள் கண் நிறையத் தூங்கட்டும். எல்லாரும் நல்லா இருங்கள்.